அம்மா வழிப் பூட்டு

நல்ல படம் ஓடிய காலத்தில்கூட அந்த சினிமாக் கொட்டகைக்கு இப்படிக் கூட்டம் வந்ததில்லை. இப்போது அங்கே பாட்டு இல்லை, சண்டை இல்லை. வருகிறவர்கள் ஒரு கண்ணாடித் துண்டில் எச்சில் துப்புகிறார்கள். அதற்கு விடியற்காலையிலிருந்து வரிசை. தெருவெல்லாம் ஓசியில் துப்பிக்கொண்டிருந்த ஊரைக் கட்டணம் கட்டித் துப்ப வைத்த மகானை நீங்கள் பார்த்தே ஆக வேண்டும்.

அவருக்குப் பூட்டு டாக்டர் என்று பெயர். எதற்கு டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார், பையில் நாலு பேனா, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். எச்சில் பார்க்க ஸ்டெதாஸ்கோப் எதற்கு என்றும் யாரும் கேட்கவில்லை. கொஞ்ச காலம் முன்புவரை வேறோர் ஊரில் கைரேகை பார்த்தவர் அவர். படித்தவர்கள் கையை நீட்டக் கூச்சப்படத் தொடங்கியதும், கையை விட்டுவிட்டு ஜீனைப் பிடித்துக்கொண்டார். ரேகை என்றால் சிரிக்கிறவன், ஜீன் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருகிறான். மனுஷர் நம்மை நன்றாகத்தான் படித்திருந்தார்.

மேடையில் ஏறி மைக்கைப் பிடித்தால் மழைதான்.

"தாய்மார்களே! நம்ம உடம்புல ஹார்மோன்னு ஒரு சாவி சுத்திக்கிட்டே இருக்கு. அந்தச் சாவி போய் நுழையிற பூட்டுக்கு ஏற்பின்னு பேரு. அந்தப் பூட்டை எப்படிச் செய்யணும்னு சொல்ற அச்சுதான் ஜீன். அது பரம்பரையா வருது. அச்சு ஆளுக்கு ஆள் லேசா மாறும்!"

இதுவரை சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருக்கும். கைதேர்ந்த பொய்யன் எடுத்த எடுப்பில் பொய் சொல்லமாட்டான். முதலில் நாலு உண்மையை வரிசையாக நடக்கவிட்டு, ஐந்தாவதாகப் பொய்யை அவற்றின் பின்னால் நைசாக அனுப்புவான். நாம் தலையாட்டிப் பழகிவிட்டதால் அதற்கும் ஆட்டிவிடுவோம்.

"அச்சு கோணலா இருந்தா, சினைப்பையில புற்றுநோய் நிச்சயம்! அந்தக் கோணல் அம்மா வழியா மட்டும்தான் வரும். பாட்டிக்கிட்டேருந்து அம்மாவுக்கு, அம்மாகிட்டேருந்து பொண்ணுக்கு!"

அப்பாக்கள் எல்லோரும் இந்த இடத்தில் ஜம்பமாகக் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்கள். பிள்ளைக்குப் பாதி ஜீன் கொடுத்த ஆசாமிகளுக்கு ஒரு பழியும் இல்லை என்று தீர்ப்பு வந்துவிட்டதே!

சோதனை இப்படி நடந்தது. துப்பிய கண்ணாடியை டாக்டர் ஒரு பெட்டிக்குள் செருகுவார். பெட்டி உறுமும். சினிமாத் திரையில் பெரிதாக ஒரு பூட்டு தோன்றும். பச்சைப் பூட்டு நேராக நிற்கும், மஞ்சள் லேசாகச் சாய்ந்திருக்கும், சிவப்பு முழுக் கோணல். சிவப்பும் மஞ்சளும் வந்தவர்கள் இடுப்பில் 'நிமிர்த்திப் பட்டை' கட்டிக்கொள்ள வேண்டும். பட்டையும் அங்கேதான் கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பிறகென்ன? மாமியார்கள் மருமகள்களை இழுத்துக்கொண்டு வந்தார்கள். கல்யாணம் பேசுகிறவர்கள் பெண்ணின் படிப்பைக் கேட்டார்கள், வேலையைக் கேட்டார்கள், கடைசியில் "பூட்டு என்ன கலர்?" என்றும் கேட்டார்கள். மஞ்சள் என்ற ஒரே காரணத்துக்காக மருந்துக்கடையில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. எந்த மாமியாரும் தன் பூட்டைக் காட்டியதாக மட்டும் தகவல் இல்லை.

சிவப்பு யாருக்கு வரும் என்பதில்தான் சூட்சுமம். வரிசையில் நிற்கும் பெண்களோடு, நெஞ்சில் ரோஜா நிற அட்டை குத்திய தொண்டர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். "என்னம்மா, வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லாம இருந்துச்சா?" என்று ஆதரவாகக் கையைப் பிடிப்பார்கள். ஆதரவாகக் கை பிடித்தால் பெண்கள் சொல்லாமல் இருப்பார்களா? சொன்னதெல்லாம் டாக்டர் காதுக்குப் போகும், காதிலிருந்து திரைக்குப் போகும். பாவம், அந்தத் தொண்டர்களுக்கே அது தெரியாது. நோயாளிகளின் கஷ்டத்தை டாக்டரிடம் எடுத்துச் சொல்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தொண்டர்களில் தலைவி ஒரு சித்தி. அவளுடைய அக்கா சினைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தவள். வயிறு உப்புசம், ரெண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லோரும் வாயு என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனபோது காலம் கடந்துவிட்டது. அந்தத் துக்கத்தை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் அலைந்த சித்தி, கொட்டகையில் கொண்டுவந்து இறக்கினாள். நான் எல்லோரையும் கிண்டல் செய்வேன், அவளை மட்டும் செய்ய மனசு வரவில்லை.

போனவளுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர். ஊரே அவளைச் 'செக்கிங்' என்றுதான் கூப்பிடும். ஓடுகிற பஸ்ஸை மறித்து ஏறி, "டிக்கெட்டை எடுங்க" என்று ஒரு குரல் விட்டால், டிக்கெட் வாங்கியவனுக்கே வியர்க்கும். "தொலைஞ்சு போச்சு", "கண்டக்டர் தரலை", "இப்பதான் கையில இருந்துச்சு" என்று தினமும் கதை கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது காய்த்துவிட்டது. எந்தக் கதையையும் முழுசாகக் கேட்பாள். கேட்டு முடித்ததும், "நல்லா இருக்கு. டிக்கெட் எங்க?" என்பாள்.

சின்னவள் பார்லர் வைத்திருப்பவள். ஊரிலுள்ள புருவங்களெல்லாம் அவள் நூலில்தான் வளையும்.

அன்று இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சின்னவள் ரெண்டு வாய் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினாள்.

"ஏண்டி?"

"போதும்க்கா. வயிறு கும்முன்னு இருக்கு. கொஞ்ச நாளாவே இப்படித்தான்."

அக்கா கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டாள். அம்மாவும் இதே மேஜையில் இப்படித்தான் தட்டைத் தள்ளினாள்.

"இந்த வாரம் ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னியே? எந்த நாளு?"

சின்னவள் எச்சில் கையைப் பார்த்துக்கொண்டாள். "வேணாம்னு சொல்லிட்டேன்."

"யாரு, ஆஸ்பத்திரியில வேணாம்னாங்களா?"

"நான்தான். பூட்டு டாக்டர் சொன்னாருக்கா, ஸ்கேன் எடுத்தா அச்சு இன்னும் கோணிக்குமாம். பட்டை கட்டியிருக்கற வரைக்கும் ஆஸ்பத்திரி பக்கமே போகக் கூடாதாம். எனக்குச் சிவப்பு வந்திருக்கு." சட்டையைத் தூக்கிக் காட்டினாள். உப்பிய வயிற்றின் மேல் நிமிர்த்திப் பட்டை இறுக்கிக் கிடந்தது.

அக்கா கத்தினாள். சண்டை பக்கத்து வீடுவரை கேட்டது. "படிச்சவதானே நீ?" என்றாள். "அறிவைக் கடன் குடுத்துட்டியா?" என்றாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சின்னவள் மெதுவாகச் சொன்னாள்:

"ஸ்கேன் எடுத்தா தெரிஞ்சிருமேக்கா. பட்டை கட்டினா ஒண்ணும் தெரியாது. அது எனக்குப் போதும்."

பொய்யை நம்பி ஏமாறுகிறவர்களைத் திட்டலாம். பயந்துபோய்ப் பொய்யைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறவளை எப்படித் திட்டுவது?

"நீயும் வந்து ஒரு தடவை பார்த்துக்கோக்கா," என்று சின்னவள் அவள் கையைப் பிடித்தாள். "அம்மாவுக்கு வந்தது நம்ம ரெண்டு பேருக்கும் வரும். எனக்கு வந்தா வரட்டும். உனக்கும் வந்துருமோன்னுதான் ராத்திரி தூக்கமே வரலை."

அக்கா ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அதில் விளையாட்டே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள். அவளையறியாமல் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது, கண்ணும் லேசாக நனைந்தது.

"சரி, வரேன். ஆனா ஒரு பேச்சு. அந்தாளு புளுகன்னு உன் கண் முன்னாடியே தெரிஞ்சா, மறுநாளே ஸ்கேனுக்கு வரணும்."

"தெரிஞ்சா வரேன்."

கொட்டகை நிரம்பி வழிந்தது. சித்தி ரோஜா அட்டையோடு ஓடிவந்து பெரியவளைக் கட்டிக்கொண்டாள். "வந்துட்டியா! இப்பவாவது புத்தி வந்துச்சே," என்று டாக்டரிடமே நேராக அழைத்துப் போனாள். "இவதாங்க எங்க அக்காவோட மூத்த பொண்ணு. சின்னவளுக்குத்தான் சிவப்பு வந்துச்சுல்ல, அவளோட அக்கா."

டாக்டர் முகம் மலர்ந்தது. ஊரில் பாதிப்பேர் பயப்படுகிற செக்கிங்கே எச்சில் துப்ப வந்திருக்கிறாள், இதைவிட விளம்பரம் வேண்டுமா? மேடைக்கே கூப்பிட்டார்.

பெட்டி உறுமியது. திரையில் பூட்டு வந்தது. சிவப்பு. கூட்டம் 'உச்' கொட்டியது.

"பாத்தீங்களா? அம்மாவோட கோணல் அப்படியே இருக்கு," என்று டாக்டர் குச்சியால் திரையைத் தட்டினார்.

அக்கா மைக் பக்கம் குனிந்தாள். "நிச்சயமா அம்மா வழியா வந்ததுதானா டாக்டர்? வேற எங்கேருந்தும் வந்திருக்காதே?"

"நூத்துக்கு நூறு உங்க அம்மாதான்!"

"என் தங்கச்சியோட பூட்டையும் பக்கத்துல காட்டுங்களேன்."

அதையும் காட்டினார். உற்சாகம் தாங்காமல், மேலே ஆபரேட்டர் அறையைப் பார்த்துக் கையசைத்து, ஒன்றை இன்னொன்றின் மேல் நகர்த்தச் சொன்னார். இரண்டு பூட்டும் இம்மி பிசகாமல் பொருந்தின.

"ஒரே அச்சு! இந்தக் கீறல்கூட ஒரே இடம்! ஒரே வயித்துல பொறந்ததுக்கு இதைவிட சாட்சி வேணுமா?"

கைதட்டல் கூரையைப் பிளந்தது. அக்காவும் கைதட்டினாள். ஓய்ந்த பிறகு சொன்னாள்:

"கதை நல்லா இருக்கு டாக்டர். ஆனா நான் அந்த வயித்துல பொறக்கலை. என்னைத் தத்தெடுத்தாங்க."

முன்வரிசையில் சின்னவள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைகளுக்குள்ளிருந்து, "ஐயையோ! ஆமால்ல!" என்று வந்தது.

டாக்டர் ஒரு நொடிதான் விழித்தார். கைரேகை பார்த்த காலத்து அனுபவம் சும்மா போகுமா? "கேட்டீங்களா தாய்மார்களே! பெத்த தாயையே இல்லைங்கறா! நோய் வந்துருமோங்கற பயத்துல செத்துப்போன அம்மாவையே மறுக்கறா! தத்தெடுத்ததுக்கு என்ன அத்தாட்சி?"

கூட்டம் முணுமுணுத்தது. "நன்றி கெட்டவ," என்று ஒரு குரல் வந்தது. "இறங்கச் சொல்லு," என்று இன்னொன்று. அத்தாட்சி கேட்டே பிழைக்கிறவளிடம் அன்று அத்தாட்சி இல்லை. அவள் கூட்டத்தில் ஒரே ஒரு முகத்தைப் பார்த்தாள்.

சித்தி நடைபாதையில் நின்றிருந்தாள். நெஞ்சில் ரோஜா அட்டை, இடுப்பில் பட்டை. அந்தக் கொட்டகையில் அவளுக்கு ஒரு மரியாதை இருந்தது, வாழ்க்கையில் முதல்முறையாக நாலு பேர் அவளை 'அம்மா' என்று மதித்துக் கூப்பிட்டார்கள். அவள் வாயைத் திறந்தால் அதெல்லாம் போகும். திறக்காவிட்டால், வளர்த்த பெண் ஊர் முன்னால் பொய்க்காரியாகிவிடுவாள். ரொம்ப நேரம் அவள் யோசிக்கவில்லை. மூச்சு வாங்க மேடை ஏறினாள்.

"அவ சொல்றது நிஜம். எங்க அக்காவுக்கு ரொம்ப வருஷமா குழந்தை இல்ல. நானும் அவளும்தான் போய் இவளை வாங்கிட்டு வந்தோம். இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி. வழியெல்லாம் என் மடியிலதான் தூங்கினா. இவ வந்த ராசியோ என்னவோன்னு சொல்லிக்கிட்டோம், மறுவருஷம் சின்னவ பொறந்தா."

டாக்டருக்கு ரத்தம் தலைக்கேறியது. மைக் கையில் இருப்பதையே மறந்தார்.

"இதை ஏம்மா நீ எங்கிட்ட முன்னாடியே சொல்லலை?"

கொட்டகையின் நாலு ஒலிபெருக்கியும் அதைக் கணீரென்று முழங்கின. "சொல்லலை... சொல்லலை..." என்று சுவர் வேறு எதிரொலித்தது.

சித்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மறந்துபோச்சுங்க. அவ எங்க வீட்டுப் பொண்ணு. வேற யாரோ பெத்தாங்கங்கறது யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எங்களுக்கெல்லாம் மறந்துபோச்சு, சரி," என்றாள் செக்கிங். "எச்சிலுக்குமா டாக்டர் மறந்துபோச்சு?"

முதல் சிரிப்பு பின்வரிசையில் கிளம்பியது. டாக்டர் அவசரமாக, "வளர்ப்புலயும் பூட்டு வரும்! பால் வழியா இறங்கும்!" என்றார்.

"எனக்கு மாட்டுப் பால்தான் குடுத்தாங்க. இங்க வந்த பிறகு, இந்த ஊருக்கே ஊத்தற ஒரே பால்காரர்கிட்டதான் வாங்கினோம். அப்ப நம்ம எல்லாருக்கும் இருக்கறது மாட்டுப் பூட்டா?"

கொட்டகை அதிர்ந்தது. சிரிப்பு அடங்குவதற்குள் ஒரு பெண் விடுவிடுவென்று மேடைக்கு வந்தாள். கல்யாணம் நின்றுபோன மருந்துக்கடைப் பெண்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஆபரேட்டர் அண்ணே! என் மஞ்சள் பூட்டைப் போடுங்க. அப்படியே இங்க மஞ்சள் வந்தவங்க எல்லாரோடதையும் ஒண்ணு மேல ஒண்ணா போடுங்க. எனக்கும் இவங்களுக்கும் எத்தனை அம்மான்னு பார்ப்போம்."

மேலே சின்ன ஜன்னலில் ஆபரேட்டர் தலை தெரிந்தது. "போடறதுக்கு வேற இல்லம்மா. பச்சை ஒண்ணு, மஞ்சள் ஒண்ணு, சிவப்பு ஒண்ணு. மொத்தம் மூணு படம்தான் குடுத்தாரு. அவரு எத்தனை விரலைத் தூக்கறாரோ அதைப் பார்த்துப் போடுவேன்." அதை அவன் வெகுளியாகச் சொன்னான். இத்தனை நாள் இது ஏதோ கல்விப் படம் என்று நினைத்திருந்தானாம்.

எல்லோரும் திரையிலிருந்து மேடைக்குத் திரும்பினார்கள். வெள்ளைக் கோட்டு நாற்காலியில் தொங்கியது. உள்ளே ஆள் இல்லை. 'அவசர வழி' என்று எழுதிய கதவு ஆடிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்தக் கதவை உண்மையான அவசரத்துக்குப் பயன்படுத்திய ஒரே ஆள் அவர்தான்.

சித்தி ரோஜா அட்டையைக் கழற்றினாள். பட்டையையும் அவிழ்த்தாள். பிறகு சின்னவளிடம் போய், அவள் பட்டையைத் தானே அவிழ்த்தாள். "அக்காவைத்தான் விட்டுட்டேன்," என்றாள். அதற்குமேல் பேச முடியாமல் அழுதாள்.

மறுநாள் ஸ்கேன். ஒரு சினைப்பையில் கட்டி இருந்தது. அறுவைச் சிகிச்சை நடந்தது. புற்றுநோய்தான், ஆனால் வேறெங்கும் பரவவில்லை. இன்னும் சில மாதம் பட்டையை இறுக்கிக்கொண்டு இருந்திருந்தால் இதைச் சொல்லியிருக்க முடியாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டரம்மா. இவர் எதற்கு டாக்டர் என்று செக்கிங் முதலிலேயே சுவரில் மாட்டியிருந்த சான்றிதழைப் படித்துவிட்டாள்.

"அந்தாளு சொன்னது அத்தனையும் பொய்யா டாக்டர்?" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சின்னவள் கேட்டாள்.

"ஏற்பி இருக்கறது நிஜம், ஜீன் இருக்கறது நிஜம். அந்த ஏற்பி ஜீன்ல ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கறதும் நிஜம். அதுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டான்னு பல பேர் தேடிட்டு இருக்காங்க. ஒரு ஆராய்ச்சியில கொஞ்சம் தெரியும், அடுத்ததுல காணாமப் போயிடும். இருந்தாலும் ரொம்பச் சின்ன அளவுதான். அதை மட்டும் வெச்சு உனக்கு வரும், உனக்கு வராதுன்னு ஒருத்தரைப் பார்த்து யாராலயும் சொல்ல முடியாது."

"அப்ப பரம்பரைன்னு ஒண்ணும் இல்லையா?"

"ஏன் இல்ல? ஆபத்தை நிறையவே கூட்டுற வேற சில ஜீன் மாற்றங்கள் இருக்கு. உங்க அம்மாவுக்கு வந்திருக்கறதால உங்களுக்கு அந்தப் பரிசோதனை செய்யணும். ஒழுங்கான லேப்ல, முன்னாடியும் பின்னாடியும் விளக்கிச் சொல்லித்தான் செய்வோம். அந்த மாற்றம் அப்பா வழியாவும் வரலாம். அதனால வீட்டு ஆம்பளைங்க சரித்திரத்தையும் சொல்லுங்க. அதைவிட முக்கியம், வயிறு சொல்றதைக் காது குடுத்துக் கேட்கறது. உப்புசம், சீக்கிரமே வயிறு நிறையறது, அடிக்கடி ஒண்ணுக்கு வர்றது, இதெல்லாம் விடாம தொடர்ந்தா வாயுன்னு சொல்லிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது."

டாக்டரம்மா போன பிறகு, சின்னவள் அக்காவின் கையை இழுத்தாள். முகத்தில் அதே கவலை.

"அக்கா, எனக்கு எடுக்கும்போது நீயும் அந்த டெஸ்ட்டை எடுத்துக்கோ. அம்மாவுக்கு வந்திருக்கில்ல, எதுக்கும் பார்த்துக்கறது நல்லது."

அக்கா அவளையே பார்த்தாள். பக்கத்தில் பழம் நறுக்கிக்கொண்டிருந்த சித்தி கத்தியை நிறுத்தினாள். சின்னவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அப்புறம் மூவரும் சிரித்த சிரிப்பில் நர்ஸ் ஓடிவந்தாள்.

"சிரிக்க வைக்காதேக்கா, தையல் இழுக்குது," என்று சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கட்டும். வலிக்கிற வயிறு, உயிரோடு இருக்கிறவளின் வயிறு.

பூட்டு டாக்டர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? நன்றாக இருக்கிறார். வேறோர் ஊர், வேறொரு கொட்டகை, புதுக் கோட்டு. இந்தத் தடவை ஆண்களுக்காம். 'அப்பா வழிக் குழாய் அடைப்பு' என்று பலகை போட்டிருக்கிறார். இப்போது வரிசையில் மீசைகள் நிற்கின்றன, கையில் கண்ணாடித் துண்டோடு.

டிக்கெட் இல்லாமல் பஸ்ஸில் ஏறியவனை நடுவழியில் இறக்கிவிடுகிறோம். டிக்கெட் இல்லாமல் நம் வயிற்றுக்குள் ஏறுகிறவனுக்கு மட்டும் எழுந்து நின்று ஜன்னலோர சீட்டைக் கொடுக்கிறோம். அடுத்த தடவையாவது உட்காரவிடுவதற்கு முன்னால் கேளுங்கள்: "கதை நல்லா இருக்கு. டிக்கெட் எங்க?"